தூளி ஆட்டிய இங்கிலீஷ்

1959 நவம்பர் 9, திங்கள். சித்தூர்

திருப்பதி பெண்கள் பள்ளியிலிருந்து கடிதம். இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு 27ஆம் தேதி வந்து பத்து நிமிஷம் பாடம் நடத்திக் காட்டவேண்டுமாம்.

இவருக்கு ஆந்திரா-மதராஸ் எல்லை சர்வேயில் தற்காலிக வேலைதான். கோடு போட்டு முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். கோடு எந்தப் பக்கம் விழுந்தாலும் இங்கிலீஷுக்கு வேலை உண்டு. எனக்கு உண்டா? போன வருஷம் வேலூரில் ஒரு தலைமையாசிரியை, "எல்லாத்தையும் ஒரே அடியா அடிக்கிறியே, இங்கிலீஷ் பேசறியா, அம்மி கொத்தறியா?" என்று கேட்டாள்.

நவம்பர் 11

உச்சரிப்புப் புத்தகம் வாங்கியாயிற்று. வார்த்தையை அசை அசையாகப் பிரித்து, ஒன்றை மட்டும் ஓங்கிச் சொல்லி, மற்றதைப் பட்டும் படாமலும் விடவேண்டுமாம். 'ஸ்ட்ரெங்த்' - எட்டு எழுத்து, ஒரே அசை. அக்கிரமம். 'எக்ஸாமினேஷன்' - ஐந்து அசை, நான்காவதில் ஓங்கணும். ஏன் நான்காவது? யாரைக் கேட்டு வைத்தார்கள்?

நவம்பர் 14

கண்டுபிடித்துவிட்டேன்! பாப்பாவைத் தூளியில் போட்டு, ஓங்குகிற இடத்தில் ஒரு தள்ளு. மற்ற இடத்தில் கையை எடுத்துவிடு. எக்ஸாமி - நே - ஷன். க - மி - ட்டி. பத்தாவது கமிட்டியில் பாப்பா தூங்கிவிட்டாள்.

மாமியார் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, கொயந்தைக்கு மந்திரம் ஓதிக்கினு கீற?"

நவம்பர் 19

வம்பு. பாப்பா தாலாட்டுக்குத் தூங்கமாட்டேன் என்கிறாள். கமிட்டிதான் வேணுமாம். மாமியாரும் கற்றுக்கொண்டுவிட்டார் - என்னைவிட நன்றாகச் சொல்கிறார்! "எங்க ஆபீஸ்லயும் எல்லாரையும் தூங்க வைக்கிறது கமிட்டிதான்" என்று இவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரலை. இன்னும் எட்டே நாள்.

நவம்பர் 26

கையை ஆட்டாமல் சொல்லிப் பார்த்தேன். பழைய அம்மி. ஐயோ.

நவம்பர் 27, வெள்ளி

பாப்பா பால்குடி, விட்டுப் போகமுடியாது. மாமியார் மடியில் வைத்துக்கொண்டு பள்ளி வராந்தாவில் உட்கார்ந்தார். உள்ளே நாற்பது பெண்கள், கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை சென்னம்மா. வாயைத் திறந்தேன் - டக் டக் டக். அம்மியேதான். முன்வரிசையில் ஒருத்தி கொட்டாவி விட்டாள்.

அப்போது பாப்பா வீல் என்று கத்தினாள். என் வலது கை தானாகக் காற்றைத் தள்ளியது. டி - வெ - லப்! சரியாக விழுந்தது. மறுபடி தள்ளினேன். பிள்ளைகளும் தள்ளினார்கள். நாற்பது கை, ஒரே குரல். வராந்தாவில் அழுகை நின்றுபோயிற்று.

சென்னம்மா எழுந்தார். "ஆ செய்யி ஏமிட்டம்மா?" அந்தக் கை என்ன என்கிறார். தூளி ஆட்டுகிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஏதோ எழுதிக்கொண்டார். போச்சு.

வெளியே மாமியார், "நல்லா ஆட்டினே நீ, பாப்பா தூங்கிட்டா" என்றார்.

டிசம்பர் 8

தபால்காரர் இன்றும் எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்.

1960 ஜனவரி 18, திங்கள். திருப்பதி

வாடகை வீட்டில் தூளி கட்ட வளையம் இல்லை. இவர் அடித்துக்கொடுத்துவிட்டு மறுபடி சித்தூர் பஸ் ஏறினார். பள்ளியில் முதல் நாள். காலைப் பிரார்த்தனையில் சென்னம்மா மேடம் அறிக்கை வாசித்தார். 'கமிட்டி' வந்தது. ஃபைலுக்குப் பின்னால் அவர் வலது கை மெல்ல ஒரு தள்ளு தள்ளியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.