அமுங்கிப்போன கேக்

ஜூன் 4

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் மகளின் வாய்தான் மூடிக் கிடக்கிறது. போனில் சொன்னால் மாடியில் இருப்பவள் காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

பள்ளி விழாவுக்கு அவளே கேக் செய்தாள். நடுவில் அமுங்கிப்போனது. நம் பேக்கரியில் கெட்ட சரக்கு யார் கண்ணிலும் படக் கூடாது அல்லவா? அந்தப் பழக்கத்தில், அவள் எழுந்திருப்பதற்குள் அதைக் குப்பையில் கொட்டிவிட்டு, நானே ஒன்று செய்து அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் வந்து, "எல்லாரும் கை தட்டினாங்க. அது என் கேக் இல்லம்மா. என்னோடது எங்க?" என்றாள். சொன்னேன்.

"அப்போ எனக்கு வராதுன்னு நீயே முடிவு பண்ணிட்ட."

அதோடு சரி, அடுப்புப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. என்ன செய்யட்டும்?

உங்கள் மனைவி

ஜூன் 11

என் அன்பு முதலாளியம்மாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. எங்கள் ஆலையில் ஒரு பல்சக்கரம் உடைந்தால் அதை உடனே தூக்கி எறிய மாட்டோம். மேசைமேல் வைத்து, எந்தப் பல் முதலில் போனது என்று பார்ப்போம். பார்க்காமல் புதியதை மாட்டினால் அதுவும் போய்விடும். அவளுக்கு அந்தக் கேக்கைப் பார்க்கக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இதை அவளிடம் சொல்லிப் பார்.

கேக்கைத் தின்ன மட்டும் தெரிந்த
உன் கணவன்

ஜூன் 23

அன்புள்ள உங்களுக்கு,

சொல்லிப் பார்த்தேன். "அப்பா எழுதிக் குடுத்தாரா?" என்று ஒரே வெட்டு.

மறுநாள் என் பன்களே தட்டையாகிவிட்டன. கை தானாகக் குப்பைத்தொட்டிக்குப் போனது. பிடித்து நிறுத்தி, எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பினேன். பள்ளிக்குக் கிளம்பியவள் பார்த்துவிட்டாள்.

"யாராவது மேல உக்காந்துட்டாங்களா?"

"மாவு அளவுக்கு மீறிப் பொங்கி, அடுப்புல அமுங்கிடுச்சு. புழுக்கமா இருந்தத நான் யோசிக்கல."

"உனக்குமா இப்படி ஆகும்?"

"ஏன், எனக்கு ஆகாதா?"

ஒன்றைப் பிய்த்து முகர்ந்தாள். பிறகு மெதுவாக, "நான் அடுப்ப அடிக்கடி திறந்து பாத்தேன்மா. அதனாலயா?" என்றாள்.

"இருக்கலாம். செஞ்சு பாத்தாத்தான் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கேக் செய்ய இறங்கிவிட்டாள். "நீ கையக் கட்டிக்கிட்டு தள்ளி நில்லு" என்று எனக்கு உத்தரவு. அடுப்பை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. ஆனாலும் நடுவில் கொஞ்சம் இறங்கிவிட்டது. அழுதாள். ஓடிப்போய் அவளைத் தூக்க வேண்டும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவளே மூக்கைத் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்துக் குறுக்கே வெட்டினாள். உள்ளே பச்சை மாவு.

"சீக்கிரம் எடுத்துட்டேன். அவ்வளவுதானே! வெண்ணெய் மிச்சம் இருக்கா?"

இன்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். கடைக்கதவைத் தட்டுகிறார்கள். அவள் கையெல்லாம் மாவு. நான்தான் போய்த் திறக்க வேண்டும்.

உங்கள் மனைவி