வரிசைக்கு அந்தப் பக்கம்

மார்ச் 5, புதன்
அரிசி டப்பாவின் அடியைச் சுரண்டியாயிற்று. வேலை பார்த்த அச்சகத்தை மூடியதிலிருந்து இவர் தினமும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வேலை தேடிக் கிளம்புகிறார். எதிர்வீட்டுக்காரி சொன்னாள்: "நூலகத்துக்குப் பின்னாடி ஹால்ல புதன், சனி மளிகை, காய் எல்லாம் சும்மாவே குடுக்கறாங்க. போய்ப் பாரேன்."
நானா? அங்கேயா?

மார்ச் 8, சனி
போனேன். அந்தக் கூத்தை என்னவென்று எழுத! வரிசையில் நிற்கக் கால் வரவில்லை. தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால்? கதவோரமாக நின்றேன். அங்கே எல்லாவற்றையும் நடத்துகிற அம்மாள் வந்தார். எப்போதும் கையில் பருப்பு அள்ளுகிற கரண்டி, அதனால் பெயரே கரண்டியக்கா. "ஒத்தாசைக்கு வந்தீங்களா? நல்ல நேரத்துல வந்தீங்கம்மா, ஆளே இல்ல!" என்று ஒரு நீல ஏப்ரனை நீட்டினார். நான் வாயைத் திறந்து "ஆமாம்" என்றேன்.
ஆமாமாம்! மதியம் வரை உருளைக்கிழங்கைப் பொறுக்கிப் பொறுக்கி ஊரார் பையில் போட்டுவிட்டு, வேலை முடிந்ததும் விட்டால் போதுமென்று ஓடிவந்தேன், வெறுங்கையோடு. என்னைப் போல ஒரு மக்கு உண்டா?

மார்ச் 9, ஞாயிறு
"உன் தட்டு எங்கம்மா?" என்றாள் சின்னவள். பசிக்கவில்லை என்றேன். பெரியவளோ தன் தட்டில் பாதியை என் பக்கம் தள்ளினாள். எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 12, புதன்
இவர் பை நிறைய அரிசி, பருப்பு, வெங்காயம் கொண்டுவந்தார். "கூட வேலை பார்த்தவன் குடுத்தான்." அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கட்டும். எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

மார்ச் 15, சனி
இன்று கேட்டே விடுவது என்று போனேன். வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "உங்களுக்கு நல்ல மனசும்மா" என்றார். அதற்கப்புறம் எப்படிக் கேட்பது? திரும்பவும் ஓட்டம். புதன்கிழமையும் வரச் சொன்னார் கரண்டியக்கா. அதற்கும் தலையாட்டினேன். தலையா அது?

மார்ச் 19, புதன்
இன்று என்னைப் பை கொடுக்கிற மேசையில் உட்கார்த்தினார்கள். ஆள் கணக்குக் கேட்டுப் பை நிரப்ப வேண்டும். குனிந்தபடியே, "அடுத்து. வீட்டுல எத்தனை பேரு?" என்றேன். பையை விரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். இஸ்திரி போட்ட சட்டை.
ஐயோ, இவர்!
ஏப்ரனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடைசியில் அவரே சொன்னார்: "நாலு பேரு. அதுல ஒருத்தி வீட்டுக்குத் தெரியாம ஊருக்கு உபகாரம் பண்றா."
"உங்ககூட வேலை பார்த்தவர் சௌக்கியமா?" என்றேன்.
அவ்வளவுதான். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். கரண்டியக்கா ஓடிவந்தார். சொல்லிவிட்டேன். "அக்கா, நான் ஒத்தாசைக்கு வரல. வாங்கத்தான் வந்தேன்."
"அட, காய் பொறுக்கற மூணு பேரும் வாங்க வந்தவங்கதான்! கடைசில ஏப்ரனைக் கழட்டிட்டு ஆளுக்கொரு பை எடுத்துட்டுப் போறது இங்க வழக்கமாச்சே. உங்களுக்கும் ரெண்டு தடவை எடுத்து வெச்சேன். நீங்கதான் அதுக்குள்ள காணாம போயிடறீங்க!"
அப்பாடா. எத்தனை நாள் கழித்து ஒழுங்காக மூச்சு விடுகிறேன்! பையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வீடு வந்தோம். வழியில் எதிர்வீட்டுக்காரி பார்த்தாள். பார்க்கட்டுமே.

ஏப்ரல் 2, புதன்
இவருக்கு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை! திங்கட்கிழமையிலிருந்து.

ஏப்ரல் 26, சனி
சம்பளம் வரும்வரை நாங்களும் பை வாங்குகிறோம். ஏப்ரனையும் விடவில்லை.
இன்று கதவோரமாக ஒரு பெண், அணைந்த கைபேசியை உற்றுப் பார்த்தபடி நின்றாள். கரண்டியக்கா ஏப்ரனைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கம் கிளம்பிவிட்டார். நான் முந்திக்கொண்டேன். "வரிசை இந்தப் பக்கம்மா. வாங்க, நானும் கூட நிக்கறேன்."
அவள் வெறுங்கையோடு போகவில்லை.