மொட்டையில் திறந்தால்தான் வெளியே

நானா,

நேற்றுப் பின்னேரம் என் கைகள் தாமாகவே கட்டிக்கொண்டன. கணக்குப் பயிற்சி மென்பொருளின் புதிய பதிப்பை ஒருவழியாக முடித்து, கோப்புகளையெல்லாம் ஒன்றாகச் சுருக்கச் சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைக் கோடு ஓடி முடிந்தது. திரையில் அந்தச் சின்ன மஞ்சள் பொதி வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான், இரண்டு கைகளும் நெஞ்சுக்குக் குறுக்கே போய் மடங்கிவிட்டன. வகுப்பில் பிள்ளைகளைக் கைகட்டி உட்காரச் சொல்லும் வாத்தியார் நான். என்னைக் கைகட்ட வைத்த ஆள் நீங்கள் ஒருவர்தான். அறைக்குள் வந்த என் மனைவி பார்த்துவிட்டு, "என்னாங்க, யாரு ஏசினது?" என்று கேட்டாள்.

நீங்கள் இல்லாமல் நான் கட்டிய முதல் பொதி அது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன். படிக்க மாட்டீர்கள் என்று தெரியும். ஆனால் உங்களிடம் சொல்லாமல் ஒரு பதிப்பை வெளியே விட்டு எனக்குப் பழக்கமில்லை.

கண்டி டவுனில் மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒடுங்கிய மாடிப்படி ஏறிப் போகவேண்டிய உங்கள் கம்ப்யூட்டர் கடை இப்போது கைபேசி உறை விற்கும் இடமாகிவிட்டது. அந்தப் பக்கம் போனால் மேலே பார்ப்பதில்லை. அன்றைக்குக் கீபோர்டு வாங்கத்தான் ஏறி வந்தேன். அண்ணன் என்ற உரிமையில் உங்களை நானா என்று கூப்பிடத் தொடங்கியதெல்லாம் பிறகுதான். ஈயம் உருகிய வாசனையும் இஞ்சி போட்ட பிளேன்டித் தேநீர் வாசனையும் கலந்து அடித்தன. நான் படிப்பிக்கும் ஹந்தானைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகச் செய்திருந்த கணக்குப் பயிற்சியை, கீபோர்டைச் சோதிக்கிற சாக்கில் உங்கள் மெஷினில் ஓட்டிக் காட்டினேன். சும்மா பெருமைக்குத்தான். நீங்கள் கீபோர்டை மறந்துவிட்டு, பிள்ளைபோல உட்கார்ந்து பெருக்கல் கணக்குச் செய்தீர்கள். இரண்டு பிழை விட்டீர்கள்.

"இத ஏன் மாஸ்டர் பொத்தி வெச்சீக்கீங்க? நெட்ல போடுங்க. கம்பளைப் புள்ளையும் செய்யட்டுமே."

அப்படித்தான் தொடங்கியது. நான் எழுதுவது, நீங்கள் பொதி கட்டி இணையத்தில் ஏற்றுவது. கனடாவில் இருந்த யாழ்ப்பாணத்து எஞ்சினியர் ஒருவர் நம் பக்கத்தைக் கண்டுபிடித்து, பிழை திருத்தித் தருகிறேன் என்று தாமாக வந்து சேர்ந்தார். மூன்று பேர் சேர்ந்தால் சண்டை வரவேண்டுமே, வந்தது. மென்பொருள் என்றால் ஒரு கோப்பா இரண்டா? படம், ஒலி, எழுத்துரு என்று ஒரு குடும்பமே இருக்கும். அவ்வளவையும் ஒன்றாகக் கட்டிச் சுருக்கித்தான் ஏற்றவேண்டும். எந்த முறையில் கட்டுவது என்பதுதான் சண்டை.

நான் ஸிப் என்றேன். எந்தக் கம்ப்யூட்டரானாலும் வாங்கிய அன்றே அதைத் திறக்கும். நீங்கள் செவன்-ஸிப் என்று ஒற்றைக்காலில் நின்றீர்கள். அதில் கட்டினால் பொதி பாதியாகச் சுருங்கும். எஞ்சினியர் வேறொரு முறையைச் சொன்னார். பெரிய மெஷின்காரர்கள் புழங்குகிற முறை, எங்கள் இருவருக்குமே வாயில் நுழையவில்லை. தொலைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு மூன்று பேரும் கத்தினோம். கீழே பழக்கடைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"சின்னதாக்கணும் மாஸ்டர்," என்றீர்கள். "ஒங்கட தோட்டத்துப் பக்கம் நெட் லைன் வார மாதிரியா வருது? முக்காவாசி எறங்குறப்போ அறுந்து போவுது. புள்ள தூக்குற அளவு சுமையத்தான் நாம கட்டணும்."

"தூக்கிட்டுப் போயி திறக்க முடியலன்னா என்னா செய்யுறது நானா? அத வச்சுக் கும்புடவா?"

"திறக்குற சாமானையும் சேத்துக் குடுக்குறேன். போதுமா?"

சேர்த்துத்தான் கொடுத்தீர்கள். அதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. நீங்கள் ஏற்றினீர்கள், நான் இறக்கித் திறந்து பார்த்தேன், சரியாக இருந்தது. கனடாவிலும் சரியாக இருந்ததாம். மூவரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம். மறுநாள் நான் கடையில் இருக்கும்போது கம்பளையிலிருந்து ஒரு டீச்சர் அழைத்தார். நீங்கள் ஒலியைக் கூட்டி என்னையும் கேட்கவைத்தீர்கள்.

"சேர், பொதி வந்திருச்சு. ஆனா எதை வச்சு திறக்குறதுன்னு கம்ப்யூட்டர் என்னையவே கேக்குது. உங்க பக்கத்துல பாத்தா, திறக்கிற மென்பொருள் உள்ளேயே இருக்குன்னு எழுதியிருக்கீங்க. பெட்டிக்குள்ள சாவிய வச்சுப் பூட்டிட்டு, பெட்டிய அனுப்பியிருக்கீங்களே சேர்!"

நம் மூவரின் கம்ப்யூட்டரிலும் அந்தச் சாமான் ஏற்கெனவே இருந்ததால் நமக்கு எல்லாம் திறந்தது. படித்த மூன்று பேருக்கும் அது உறைக்கவேயில்லை. நீங்கள் தொலைபேசியை வைத்தீர்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தீர்கள். கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். "மாஸ்டர், மானம் போச்சு. ஸிப்தான். இனி ஸிப்ப விட்டா வேற பேச்சில்ல," என்றீர்கள்.

எஞ்சினியரும் இறங்கி வந்தார். "ஓம், நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டாச் சொன்னாப் பிறகு நான் என்ன செய்யிறது? ஒத்துக்கொள்ளுறன். ஆனா மனசால இல்லை." போகிற போக்கில் ஒரு நல்ல காரியமும் செய்தார். கோப்புகளுக்கு நாம் ஆசையாகத் தமிழில் வைத்த பெயர்கள் சில மெஷின்களில் வெறும் கட்டங்களாக விழுந்தன. "தமிழ் உள்ளுக்கு இருக்கட்டும், வெளியில இங்கிலிஷ் எழுத்தில பேர் வையுங்கோ," என்றார். அதையும் ஒத்துக்கொண்டோம்.

ஸிப்பில் கட்டினால் பொதி பெரிதாகுமே, அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? என் மென்பொருளுக்குள் கத்தரிக்கோலை விட்டீர்கள். சரியான விடை சொன்னால் தோகை விரிக்க ஒரு மயில் வைத்திருந்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து செய்த மயில். "ஒங்கட மயில் ரெண்டு எம்பி, மாஸ்டர். இத எறக்குறதுக்குள்ள புள்ளைக்கு நித்திர வந்துரும்," என்று ஒரே அழுத்தில் பறக்கவிட்டீர்கள். நான் இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நீங்களே அழைத்து, மயில் இல்லாமல் எவ்வளவு வேகமாக இறங்குகிறது பாருங்கள் என்றீர்கள். உண்மையில் வேகமாகத்தான் இறங்கியது. எரிச்சலாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் மொட்டை வந்தது. யாரோ கழித்துவிட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து, ஒன்றுமே ஏற்றாமல் வெறுமையாக வைத்தீர்கள். அதற்கு மொட்டை என்று பெயரும் வைத்தீர்கள். பொதி மொட்டையில் திறந்தால்தான் வெளியே போகலாம். கட்டினவன் மவுஸைத் தொடக்கூடாது. கட்டினவனுக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியும், அவனை அறியாமலே கை சரியான இடத்துக்குப் போய்விடும், அது சோதனையாகாது என்பீர்கள். அதனால் கட்டினவன் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்துக் கதிரையில் உட்காரவேண்டும், மற்றவன் திறக்கவேண்டும். மொட்டை வந்த பிறகு பொதி கட்டுவது பெரும்பாலும் நான்தான், ஆகவே கைகட்டி உட்கார்ந்ததும் நான்தான். எனக்கு நாக்கு அரிக்கும். "அங்க இல்ல நானா, கீழ..." என்று வாயெடுத்தால், "கம்பளை டீச்சர் பக்கத்துல நீங்க போய் ஈக்க ஏலுமா? வாயப் பொத்துங்க," என்பீர்கள். பொதி விரிந்து, உள்ளே முதலில் படிக்கவேண்டிய குறிப்புத் திறந்து, அதன் அடியில் உங்கள் பெயரும் என் பெயரும் தெரிந்த பிறகு உரக்கச் சொல்வீர்கள்: "தொறந்திச்சி!" பிறகு என் முழங்கையில் ஒரு தட்டு. "இனிக் கைய அவுக்கலாம் மாஸ்டர்."

அந்தத் தட்டு வரும்வரை நான் அவிழ்த்ததில்லை. ஏனென்று கேட்டால் எனக்கே தெரியாது. விளையாட்டாகத் தொடங்கியது, பிறகு அப்படியே நின்றுவிட்டது.

நீங்கள் போன அன்று நான் ஹட்டன் பக்கம் பரீட்சை மேற்பார்வைக்குப் போயிருந்தேன். கைபேசியை வெளியே வாங்கி வைத்துவிட்டார்கள். மத்தியானம் கையில் கிடைத்தபோது உங்கள் வீட்டு எண்ணிலிருந்து வந்த அழைப்புகள் வரிசையாக நின்றன. பஸ் மாறி மாறி உங்கள் ஊரான கலகெதரவுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. உங்கள் ஆட்கள் மய்யத்தை வீட்டில் கிடத்திக் காக்க வைக்க மாட்டார்கள், அது எனக்குத் தெரியும். அடக்கம் செய்துவிட்டுத் திரும்பி வருகிறவர்கள்தான் எதிரே வந்தார்கள். உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை நானா. அதனால்தானோ என்னவோ, உங்கள் எண்ணை இன்னும் கைபேசியிலிருந்து எடுக்க மனம் வரவில்லை.

இப்போது புதிய கம்ப்யூட்டர்களில் நம் பழைய பதிப்பு ஓடவில்லை. பள்ளித் தவணை தொடங்குமுன் தாருங்கள் என்று டீச்சர்மார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திருத்தி முடித்துவிட்டேன். யார் திறந்து பார்ப்பது? எஞ்சினியருக்கு எழுதினேன். "மாஸ்டர், இப்ப ஆர் ஸிப் இறக்கினம்? நேர இணையத்தில ஓடுற மாதிரிச் செய்து விடுங்கோ," என்று பதில் போட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, அன்பான மனிதர். ஆனால் ஹந்தானையில் சமிக்ஞை ஒரு வீட்டில் இருக்கும், அடுத்த வீட்டில் இருக்காது என்று இன்னொருவருக்கு நான் ஆரம்பத்திலிருந்து விளக்கவேண்டும். உங்களுக்கு ஒருபோதும் விளக்கியதில்லை. சண்டைக்காவது இரண்டு பேர் வேண்டும் என்று உங்களை இழந்த பிறகுதான் தெரிகிறது. இப்போது நான் எதைச் சொன்னாலும் மறுக்க ஆளில்லை. மயிலைத் திரும்ப வைத்தாலும் கேட்க நாதியில்லை. வைக்கவில்லை, கவலைப்படாதீர்கள்.

நானே கட்டி நானே திறந்தும் பார்த்தேன். திறந்தது. திறக்காமல் என்ன?

அதனால் இன்று காலையில் பொதியைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு கலகெதர பஸ்ஸில் ஏறினேன். கடையைக் கொடுத்தபோது மொட்டையை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனது தெரியும். அக்காவை உங்கள் பக்கம் தாத்தா என்பார்கள், நானும் உங்கள் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் கதவைத் திறந்து, "வாங்க தம்பி" என்றார். மொட்டை அலுமாரிக்குப் பக்கத்தில், பூ வேலை செய்த துணி போர்த்தி இருந்தது. தூசி ஒரு பொட்டு இல்லை.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். "எனக்கு இதெல்லாம் வெளங்காதே," என்றார்.

"வெளங்காதவங்கதான் வேணும் தாத்தா. வெளங்குறவங்க திறந்தா நானா ஒத்துக்க மாட்டாரு."

உங்கள் கதிரையில் உட்கார்ந்தார். நான் பென்டிரைவைச் செருகிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டேன். மவுஸ் அவர் கையில் இங்கும் அங்கும் ஓடியது. என் நாக்கு அரித்தது. வாயைத் திறக்கவில்லை, சத்தியமாக. நானே வேண்டாம் என்று நினைக்கிற அளவுக்கு நேரமெடுத்து, மஞ்சள் பொதியைக் கண்டுபிடித்து, இரண்டு முறை அழுத்தினார். விரிந்தது. முதல் குறிப்பையும் அவரே திறந்தார். எழுத்துக் கூட்டுவதுபோல மெல்ல வாய்விட்டு வாசித்துக்கொண்டே அடிக்கு வந்தவர், அங்கே நின்றுவிட்டார்.

"இவர்ட பேர எடுக்கல்லியா?"

"அது ஒன்னும் பாரமில்ல தாத்தா," என்றேன்.

அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு திரையைப் பார்த்தபடி, கடையிலிருந்து வீட்டுக்கு அழைத்து நீங்கள் தொலைபேசியில் கத்தியதை எத்தனையோ தடவை கேட்டிருப்பார்தானே, அதே இழுவையில் மெதுவாகச் சொன்னார்: "தொறந்திச்சி."

அங்கேயே உட்கார்ந்து கைபேசி வழியாக ஏற்றிவிடலாம் என்றுதான் போயிருந்தேன். அவர் சொல்லி முடித்த பிறகும் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தச் சொல்லுக்குப் பிறகு ஒரு தட்டு உண்டு என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தொலைபேசியில் அது கேட்டிருக்காதே. அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி, கையக் கட்டிக்கிட்டே ஈக்கீங்க? குளுருதா?"

"ஆமா தாத்தா, கொஞ்சம் குளுருது," என்றேன்.

"இஞ்சி போட்டு ஒரு பிளேன்டி ஊத்துறேன்," என்று எழுந்து உள்ளே போனார்.

வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது நானா. குசினியில் இஞ்சி தட்டும் சத்தம் கேட்டது. நான் மொட்டைக்கு முன்னால், நெஞ்சோடு கையைக் கட்டிக்கொண்டு, தட்டுவதற்கு யாரும் இல்லாத முழங்கையோடு உட்கார்ந்திருந்தேன்.