பன்னிரண்டுக்குப் பத்து

டாக்டர் தம்பிக்கு,

நீ சோதித்துப் பார்க்கும் அந்தப் புது ஊசி மருந்து வேலையே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. சைனஸ் தொந்தரவு குறைந்திருக்கிறது, மூக்கை அடைத்திருந்த சதை சுருங்கிவிட்டது. வாசனை மட்டும் திரும்பவில்லை. ஆனால் உன் ஆய்வுப் படிவத்தில் வாசனைக்கு நான் வாங்கியிருப்பது பன்னிரண்டுக்குப் பத்து.

முகர்ந்து பெயர் சொல்ல வேண்டிய பன்னிரண்டு வாசனைப் பேனாக்களை ஒவ்வொன்றாக என் மூக்கருகே நீட்டியவன் நீ. காப்பிப் பேனாவுக்கு நான் திருதிருவென்று விழித்தபோது, "நல்லா யோசிச்சுப் பாருக்கா, காலையில எழுந்ததும் எதைத் தேடுவ?" என்றாய். ரோஜாவுக்கு, "முள்ளு குத்தும்கா" என்றாய். நான் முகரவில்லை, விடுகதைக்குப் பதில் சொன்னேன். உன் ஆர்வத்தைக் கெடுக்க வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டது என் தப்பு.

போன ஞாயிறு நீ வீட்டுக்கு வந்திருந்தபோது அடுப்பில் பால் கருகியது. பக்கத்திலேயே நின்றிருந்தும் எனக்குத் தெரியவில்லை. "என்னக்கா, மூக்கை எங்க கழட்டி வச்ச?" என்று உன் மனைவி எதிரில் சிரித்தாய். பத்து போட்டவனுக்கு அந்தச் சிரிப்பு எப்படி வந்தது? அந்த எண்ணை நம்பி எத்தனை பேர் ஊசிக்குக் கையை நீட்டுவார்கள்?

ஆய்வுக் குழுவுக்கு எழுதிவிட்டேன். திங்களன்று வேறொருவர் என்னைச் சோதிப்பார். நீ அந்த அறை வாசலில்கூட நிற்காதே.

இப்படிக்கு,
உன் பட்டியலில் பதினேழாம் எண் நோயாளி