ஏகாம்பரத்தையும் சேர்த்த காபன் கணக்கு

அனுப்புபவர்:
வை. குலசிங்கம்,
மேற்குக் கட்டடம், வீட்டு இலக்கம் 1407,
டோர்செட் பார்க், ஸ்காபரோ.

பெறுபவர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
கட்டடக் காபன் ஒப்பீட்டுப் பிரிவு,
ரொறொன்ரோ.

விடயம்: காபன் கணக்கை ஆள்வீதம் பிரித்துப் பார்க்கவும், எங்கள் கட்டடத்தின் சூட்டைக் குறைக்காமல் விடவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் மேற்குக் கட்டடம் பக்கத்துக் கிழக்குக் கட்டடத்தைப்போல் இரண்டு மடங்கு காபன் புகை விடுகிறது என்று லொபியில் தாள் ஒட்டியிருக்கிறீர்கள். அதற்குத் தண்டனையாக வரும் மாதம் எங்களுக்கு மட்டும் வீடு சூடாக்கும் ஹீற்றைக் குறைக்கப் போகிறீர்கள். என் மனைவி தவமணிக்கு மூச்சு முட்டுகிற வருத்தம். குளிர் ஏறினால் அவளுக்கு ஆஸ்பத்திரிதான்.

2. தாளில் உள்ளது பொய்யில்லை, உண்மையின் அரைவாசிதான். கிழக்கில் இருப்பது 204 பேர். எங்களிடம் 611 பேர். ஆளுக்கு எவ்வளவு என்று பிரித்தால் கூடுதலாக விடுகிறவர்கள் அவர்கள்தான். போதாததற்கு, அவர்கள் தங்கள் உடுப்புத் தோய்க்கும் மெஷின்களைக் கழற்றிவிட்டு எங்கள் பேஸ்மென்றுக்கு வந்து தோய்க்கிறார்கள். உடுப்பு அவர்களுடையது, புகை எங்கள் பெயரில். நாடுகளையும் இப்படித்தான் ஒப்பிடுகிறார்கள் என்று ரீவியில் பார்த்தேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எனக்கே விளங்குகிறது.

3. இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். 611 பேரில் ஒருவர் என் மச்சான் ஏகாம்பரம், தவமணியின் தமையன். எங்களோடு இருந்தவர், இறந்து மூன்று வருடம். ஆள் எண்ண உங்கள் அலுவலகத்துப் பிள்ளை அட்சயா வந்த அன்று அவருடைய திவசம். வாழையிலையில் அவருக்குப் படைத்திருந்தோம். இன்றைக்கு இந்த வீட்டில் எத்தனை பேர் சாப்பாடு என்று அவ கேட்டா. மூன்று என்றேன். இலையைப் பார்த்துவிட்டு எழுதினா. மச்சானை உயிரோடு இருக்கையில் பகிடி பண்ணியவன் நான். அந்தப் பழக்கத்தில் சிரித்துக்கொண்டு பெயரையும் கொடுத்தேன்.

4. அடுத்த மாதம் வீட்டுக்கு வந்த கணக்குத் தாளில் எங்கள் வீட்டுச் சுடுதண்ணீர் மூன்று பேர் அளவுக்கு ஏறியிருந்தது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் ஓடியிருக்கிறது. நாங்கள் இருவரும் கிளினிக்கில் இருந்த நாட்களிலும் ஓடியிருக்கிறது. குழாய் பார்க்க வந்தவர் ஒழுக்கு ஒன்றும் இல்லை என்றார். வேலை முடிந்து வந்து நாலு மணிக்குக் குளிப்பது மச்சானின் வழக்கம். அந்த நேரம் போய்ப் பார்த்தால் குளியலறைக் கண்ணாடி நீராவிப் புகார் பிடித்திருக்கும். நிலத்தில் ஈரக் கால் அடையாளம் இருக்கும். என் கால் அதைவிடச் சின்னது.

5. பயந்து, பெயரை வெட்டும்படி உங்கள் அலுவலகத்துக்கு எழுதினேன். தண்ணீர் பாவனை பதிவாகியிருப்பதால் சம்பந்தப்பட்டவரே கையெழுத்திட வேண்டும் என்று படிவம் அனுப்பினீர்கள். எனக்கும் குறும்பு போகவில்லை. படிவத்தையும் பேனையையும் குளியலறைத் தட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

6. அந்தப் படிவத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஈரமாக இருந்தது, காயவைத்து அனுப்புகிறேன். ‘வெளியேறுகிறேன்’ என்ற பெட்டி வெறுமையாக இருக்கிறது. ‘தொடர்ந்து வசிக்கிறேன்’ என்பதில் அடையாளம் போட்டுக் கையெழுத்தும் வைத்திருக்கிறது. அது என் எழுத்தில்லை. தவமணி கனநேரம் அதைப் பார்த்தாள். பிறகு, “பேரை வெட்டாதேங்கோ. அண்ணைக்கும் குளிருமெல்லோ” என்றாள்.

7. ஆகவே பெயரை நீக்கும் கோரிக்கையை விட்டுவிடுகிறேன். 611 ஆல் பிரியுங்கள், சந்தேகம் என்றால் 610 ஆல் பிரியுங்கள். இரண்டிலும் எங்கள் பக்கமே குறைவாக வரும். தோய்க்கிற புகையைத் தோய்க்கிறவர்கள் பக்கம் எழுதுங்கள். பனி கொட்டத் தொடங்க முன்னர் ஹீற்றைக் குறைக்கும் உத்தரவை நிறுத்தித் தருமாறு இந்த வீட்டில் இருக்கும் எல்லோர் சார்பிலும் தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ஸ்காபரோ
திகதி: 18.11.2025

தங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
வை. குலசிங்கம்
த. குலசிங்கம்
க. ஏகாம்பரம் (இது நான் வைத்ததல்ல)