பத்து விநாடி

மார்ச் 2

என்னங்க,

நான் நலம். நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, இனிமேல் எழுதிக்கொள்வோம் என்று சொன்னது நீங்கள்தான். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் கேமராவைப் பார்சலில் அனுப்பச் சொல்லி நாலு மாதமாகக் கேட்கிறீர்கள். அனுப்பத்தான் நேற்று பீரோவிலிருந்து எடுத்தேன். எடுத்த கை சும்மா இருக்குமா? ஒரு அமுக்கு அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. சிவப்பு விளக்கு மட்டும் மினுக் மினுக்கென்றது, கூடவே பீப் பீப் சத்தம். ஐயையோ, கெடுத்துவிட்டோமே, மனுஷன் என்னைச் சும்மா விடமாட்டாரே என்று திருப்பி உற்றுப் பார்த்தேன். படக்கென்று அதுவே படம் எடுத்துக்கொண்டது. என் மூக்குத் துவாரம் இரண்டும் அவ்வளவு பெரிதாக!

தனியாக உட்கார்ந்து அப்படிச் சிரித்தேன். நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஆகையால் கேமரா இப்போது வராது. ஒரு மாதம் டைம் கொடுங்கள், நான் கற்றுக்கொள்ள வேண்டும். எதை அமுக்கினால் என்ன ஆகும் என்று எழுதுங்கள். மாதம் முடிந்ததும் பொட்டலம் கட்டி அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
வீட்டில் இருப்பவள்

---

மார்ச் 6

அன்புள்ள மனைவிக்கு,

கேமரா கெடவில்லை. டைமரில் இருக்கிறது. அமுக்கிப் பத்து விநாடி கழித்துத்தான் எடுக்கும். பின்பக்கம் கடிகாரப் படம் போட்ட பட்டனை அமுக்கி அதை எடுத்துவிடு. ஏன் டைமரில் இருந்தது என்பது இப்போது முக்கியமில்லை.

மேலே உள்ள சக்கரத்தை 'ஏ' எழுத்தில் வை. எஃப் எண் சின்னதாக இருந்தால் லென்ஸின் துவாரம் பெரிதாகத் திறக்கும், பின்னால் இருப்பது மங்கும். எண் பெரிதானால் துவாரம் சுருங்கும், எல்லாம் தெளிவாக விழும். லென்ஸைக் கைக்குக் கிடைத்த துணியால் துடைக்காதே. ஒற்றைக் கையால் பிடிக்காதே. பட்டையைக் கழுத்தில் மாட்டாமல் நடக்காதே.

கம்பெனியில் இன்னும் இரண்டு வருடம் இங்கேயே இருக்கச் சொல்கிறார்கள். முப்பதாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஊரில் லிஃப்ட் அதிகம், ரிப்பேரும் அதிகம்.

இப்படிக்கு,
உன் கணவன்

---

மார்ச் 10

என்னங்க,

சின்ன எண்ணுக்குப் பெரிய ஓட்டை, பெரிய எண்ணுக்குச் சின்ன ஓட்டையா? இந்தக் கணக்கை வைத்தவன் யார், அவனை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள்! நாள் முழுக்க மூக்குக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து ஊராருக்கு மங்கலைத் தீர்த்துவைக்கிற எனக்கே தலை சுற்றிவிட்டது. ஆனால் 1.8 வைத்து எங்கள் முதலாளியம்மாவை எடுத்தேன் பாருங்கள், முகம் பளிச்சென்று இருக்கிறது, பின்னால் ஃபிரேம் அலமாரி முழுக்கக் கரைந்து வெறும் வெளிச்சப் பொட்டுகள்! "ஏய், இது நானாடி?" என்று கேட்டவர், சாயங்காலம் வரை கல்லாவில் உட்காரவே இல்லை.

அதைவிடப் பெரிய சேதி ஷட்டர் வேகம். அது நானே கண்டுபிடித்தது! விநாடியில் முப்பதில் ஒரு பங்கு வைத்தால் தெருவில் போகிற பஸ் வெறும் கோடாக இழுபடுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு வைத்துச் சமையலறைக் குழாயை எடுத்தேன். சொட்டு நின்றுவிட்டதுங்க! அந்தரத்தில், உருண்டையாக, உள்ளே நம் ஜன்னல் தலைகீழாக! எண்பத்திரண்டு படம் எடுத்து ஒன்று அகப்பட்டது. ஐந்து வருடமாகத் தொண்டை வற்றச் சொல்லியும் அந்தக் குழாயை நீங்கள் சரிசெய்யவில்லை, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.

பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். வெளிச்சம் பற்றாமல் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றியதில் உப்புத் தூவினது போல் புள்ளி விழுந்திருக்கிறது. எனக்கே தெரியும், சொல்ல வேண்டாம். போன கடிதத்தில் ஒரே மூச்சில் மூன்று 'காதே'. எண்ணிவிட்டேன். அதென்ன 'அன்புள்ள மனைவிக்கு', பேங்க் நோட்டீஸ் மாதிரி? பட்டாசு என்று ஒருத்தியைக் கூப்பிடுவீர்களே, அவள் எங்கே போனாள்?

இரண்டு வருடத்தைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. உங்கள் வேலை, உங்கள் கையெழுத்து.

வீட்டில் இருப்பவள்

---

மார்ச் 14

அன்புள்ள உனக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன், இது நாலாவது. கிழித்ததில் எத்தனை 'காதே' இருந்திருக்கும் என்று உனக்கே தெரியும்.

சொட்டு அருமை. பத்து வருடமாக அந்தக் கேமராவை வைத்திருந்தும் நான் இப்படி ஒன்று எடுத்ததில்லை. லிஃப்ட் மெஷின் அறையில் ஒட்டியிருக்கிறேன். கூட வேலை செய்கிறவன், "யாருண்ணே எடுத்தது?" என்றான். "எங்க வீட்டம்மா" என்றேன். சும்மா சொல்லக்கூடாது, பெருமையாகத்தான் இருந்தது.

பழைய படங்கள் கார்டில் கிடக்கும். இடம் வேண்டுமென்றால் மொத்தமாக அழித்துவிடு. பார்க்க வேண்டியதில்லை.

உன் கணவன்

---

மார்ச் 18

என்னங்க,

பார்க்க வேண்டியதில்லை என்று சொன்னால் நான் பார்க்காமல் இருப்பேனா? பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் இதுகூடவா தெரியவில்லை?

கடைசிப் படம், அந்த ஞாயிற்றுக்கிழமை. நம் இரண்டு பேரையும் சேர்த்து எடுக்கலாம் என்று நீங்கள் ஆசையாகத்தான் ஆரம்பித்தீர்கள். "தலைய தூக்கு. அவ்ளோ தூக்காத. கண்ண மூடாத. கொஞ்சம் இந்தப் பக்கம்." பத்துத் தடவை. பதினோராவது தடவை நீங்கள் அமுக்கிவிட்டு நிமிர்வதற்குள், "திருத்திக்கிட்டே இருக்கறதுக்கு ஒரு பொம்மைய வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அடுத்த மாதமே நீங்கள் வெளியூர் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள்.

நாம் சண்டை போட்டால் கேமராவுக்கு என்ன, அது தன் பாட்டுக்கு எடுத்திருக்கிறது. நீங்கள் வந்து உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். காலியாக இருக்கும் என் நாற்காலியின் முதுகில் கையைப் போட்டிருக்கிறீர்கள். கோபமாக இருந்திருப்பீர்கள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோபமே இல்லை. அழுதுவிட்டேன். ஒரு பத்து விநாடி நான் உட்கார்ந்திருக்கலாம்.

இன்று அதே இடத்தில் டைமர் வைத்து என்னை நானே எடுத்தேன். ஓடிப்போய் உட்கார்ந்தால் பின்னால் சுவர் பளிச்சென்று இருக்கிறது, நான் மட்டும் பனிமூட்டம். ஒன்பது தடவையும் அதே கதை. எனக்கு ஏன் ஃபோகஸ் விழமாட்டேன் என்கிறது? சொல்லுங்கள். திருத்தினால்கூடப் பரவாயில்லை.

வீட்டில் இருப்பவள்

---

மார்ச் 22

அன்புள்ள உனக்கு,

அமுக்குகிற நேரத்தில்தான் கேமரா ஃபோகஸ் பிடிக்கும். அப்போது நாற்காலியில் ஆள் இல்லாததால் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. அமுக்கும்போது அங்கே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். உன்னை உட்கார வைத்துவிட்டு நான் ஓடி ஓடி வந்தது அதற்குத்தான். தனியாக எடுப்பதென்றால் பக்கத்து நாற்காலியில் ஏதாவது பொருளை வைத்து அதன்மேல் ஃபோகஸ் பிடி.

அந்தப் படத்தை அழிக்க எனக்குக் கை வரவில்லை. அன்று நான் கதவைத் தட்டியிருக்க வேண்டும். தட்டாமல் விட்டது என் தப்பு.

கையெழுத்துக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. பேனா சட்டைப் பையிலேயே இருக்கிறது. நீதான் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டாய்.

உன் கணவன்

---

மார்ச் 25

என்னங்க!

வந்துவிட்டது, வந்துவிட்டது! முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

பார்த்தாயிற்றா? உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தண்ணீர் கேன். வெறும் கேனைப் பிடிக்க மாட்டேன் என்று கேமரா அடம் பிடித்தது. நீங்கள் விட்டுப்போன கட்டம் போட்ட சட்டையை எடுத்து மாட்டினேன். கட்டத்தைப் பார்த்ததும் கப்பென்று பிடித்துக்கொண்டது! எஃப் எட்டு வைத்து, அமுக்கிவிட்டு ஓடி, கால் இடறி, உட்கார்ந்து, மூச்சு வாங்க எண்ணினேன். எட்டு, ஒன்பது, பத்து. அசையவே இல்லை. நானும் தெளிவு, சட்டையும் தெளிவு, பட்டன் நூல்கூடத் தெரிகிறது! மாடிவீட்டு டீச்சர் எட்டிப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் கொஞ்சம் குண்டாயிட்டாரே" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

மாதம் முடியப்போகிறது. கேமராவுக்கு அட்டைப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் ஒட்டவில்லை.

சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று எழுதியது பொய். கையெழுத்துப் போடாதீர்கள். வந்துவிடுங்கள். நானும் ஒரு 'காதே' சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் பட்டாசு

---

மார்ச் 28

என் பட்டாசுக்கு,

படம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. சொல்லக்கூடாது என்றுதான் பார்த்தேன், கை கேட்கவில்லை. ஆனால் உன்னை இவ்வளவு அழகாக நான் ஒருநாளும் எடுத்ததில்லை. நான் எடுத்த எந்தப் படத்திலும் நீ இப்படிச் சிரிக்கவில்லை.

காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் இன்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை காலை வண்டியில் வந்து இறங்குகிறேன். பெட்டியை ஒட்ட வேண்டாம், பேட்டரியைச் சார்ஜில் போட்டு வை. இந்தத் தடவை நான் உட்கார்ந்துகொள்கிறேன், நீ அமுக்கிவிட்டு ஓடி வா. தலையைத் தூக்கு என்றால் தூக்குகிறேன், எத்தனை தடவையானாலும் சரி.

நான் வருவதற்குள் அந்தக் கேனிடமிருந்து என் சட்டையைக் கழற்றி, கேனைச் சமையலறைக்கு அனுப்பு. அது என் நாற்காலி.

உன் கணவன்