விசில் வராத குக்கர்

ஜூலை 3, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மழை வருவதுபோல் இருட்டி, ஏமாற்றிவிட்டுப் போனது. முடிச்சூருக்குத் தண்ணீர் லாரி இன்றும் இல்லை.

மேற்குத் தாம்பரம் கிளினிக்கில் ரிசுவுக்குக் காது டெஸ்ட். மார்ச் மாதக் காய்ச்சலுக்குப் பிறகு கூப்பிட்டால் திரும்புவதே இல்லை என்று நான்தான் நச்சரித்து அழைத்துப்போனேன். கண்ணாடி அறை. தலையில் பெரிய ஹெட்போன். சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு மரக்கட்டையை டப்பாவில் போட வேண்டும். நாலு வயசுப் பிள்ளை, சமர்த்தாகப் போட்டாள். ஒன்றைக்கூட விடவில்லை.

டெஸ்ட் எடுத்தவருக்கு ஏக அவசரம். "நார்மல்மா. கொழந்தை அடம் புடிக்குது, அவ்ளோதான்."

வீட்டில் மாமிக்கு வெற்றிக் களிப்பு. "நான்தான் சொன்னேனேம்மா. அப்படியே அவ அத்தா. என் மவனும் சின்னதுல கூப்பிட்டா காதுலயே வாங்க மாட்டான். குக்கர் வச்சா ஹால்லேர்ந்தே 'அம்மா, விசில்'னு கத்துறாளே, செவிட்டுப் புள்ளையா கத்தும்?"

அதுவும் சரிதான். தினமும் கத்துகிறாள்.

அல்ஹம்துலில்லாஹ் என்று எழுதிவிட்டுத் தூங்க வேண்டியதுதானே. மனசு கேட்டால்தானே.

வாங்க: உளுந்து, ரிசுவுக்கு ரிப்பன், கொசுவர்த்தி.

ஜூலை 4, செவ்வாய்

ஸ்கூல் வேன் ஹாரன் கேட்டு, பாதித் தலை பின்னியபடியே ரிசுவை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓட்டம். வேன் இல்லை. நாய்தான் படுத்திருந்தது. பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோடு ஜாமாம், வேன் இன்னும் அங்கேயே நிற்கிறதாம். எதிர்வீட்டு அக்கா சிரிக்கிறாள்: "வேனே வரல, நீ எந்த ஹாரனைக் கேட்டே?"

சத்தியமாகக் கேட்டது. வழக்கமாக வரும் நேரத்துக்குச் சரியாகக் கேட்டது. பிள்ளைக்குப் பார்த்த டெஸ்டை எனக்கும் பார்க்கணும் போலிருக்கிறது.

எல்.கே.ஜி. மிஸ் டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறாள்: கவனம் போதாது. எல்லாரும் என் பிள்ளையையே குறை சொல்லுங்கள். உளுந்து மறந்துவிட்டேன்.

ஜூலை 5, புதன்

எல்லாரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

குக்கர் கேஸ்கெட் போய்விட்டது. ஓரமாக உஸ்ஸென்று ஆவி விடுகிறதே தவிர விசில் வரவில்லை. வரவே இல்லை. நான் பக்கத்திலேயே நின்று அந்தச் சனியனைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஹாலிலிருந்து ரிசு, கலர் அடித்தபடி, தலை நிமிராமல்: "அம்மா, விசில்."

என்றைக்கும் சொல்கிற அதே நேரத்தில்.

மாமி தொழுகைப் பாயை மடித்துக்கொண்டே, "ஆமா, எனக்கும் கேட்டுச்சே, அடுப்பைக் கொறைம்மா" என்கிறார். சிரிப்பதா அழுவதா. வராத விசில் வீட்டில் ரெண்டு பேருக்குக் கேட்டிருக்கிறது. ஆனால் மாமிக்கு மற்றதெல்லாமும் கேட்கும்.

ரிசுவுக்குப் பின்னால் போய் நின்றேன். சும்மா நின்றேன், அவள் என்னை மறக்கும் வரைக்கும். பிறகு கை தட்டினேன். சூரியனுக்குப் பச்சைக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

அப்போதுதான் கிளினிக்கில் அந்த ஆள் சத்தத்துக்கான பட்டனை அழுத்தியது கண்ணுக்குள் வந்தது. தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரே சீர். அழுத்து, விடு, அழுத்து, விடு. இவளும் அந்தச் சீரைப் பிடித்துக்கொண்டு கட்டையைப் போட்டிருக்கிறாள். யா அல்லாஹ், அப்படி இருக்கக் கூடாது.

ஜூலை 6, வியாழன்

மறுபடி கிளினிக். ஷேர் ஆட்டோக்காரன், "ஏறிக்கோமா, எடம் கீது" என்றான். எங்கே கீது, அடுத்தவள் மடியில்தான்.

இன்று வேறொரு மேடம். குக்கர் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார்.

இந்தத் தடவை சத்தம் சீராக இல்லை. ஒன்று உடனே. அடுத்தது எவ்வளவோ நேரம் கழித்து. ரிசு பாவம், பழையபடியே போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் இல்லாதபோது கட்டை விழுகிறது. மேடம் பட்டனை அழுத்தும்போது கை சும்மா இருக்கிறது. ஒவ்வொன்றைப் போட்டதும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு, சரியாப் போட்டேனா என்று. நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய.

பொய் சொல்கிறாளா என்று கேட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"இல்லம்மா. சத்தம் எப்ப வரும்னு அவ மூளை கத்துக்கிச்சு. அந்த நேரம் வந்தா, காது குடுக்கிறது இத்துனூண்டுன்னாலும், ஒண்ணுமே இல்லன்னாலும், 'வந்துடுச்சு'ன்னு முடிவு பண்ணிடும். எல்லார் மூளையும் அதைத்தான் பண்ணுது. இல்லன்னா இந்த இரைச்சல்ல ஒண்ணுமே நமக்குப் புரியாது. அவ காது பாதி சொல்றதில்ல, அதனால மூளை நேரத்தை மட்டும் நம்புது."

வேன் ஹாரனைச் சொன்னேன். "அதேதான்" என்றார்.

ரெண்டு காதிலும் குறை. இடது மோசம். மெஷின் மாட்ட வேண்டும், உடனே. "பேச்சு இருக்கும்போதே மாட்டிடணும். தள்ளிப்போட்டா இருக்கிற வார்த்தையும் தேஞ்சிடும்."

மாமியிடம் சொன்னேன். "பொம்பளைப் புள்ளை காதுல மெஷினா? நாளைக்கு எவன் கட்டுவான்? அவன் சரின்னு சொல்லாம நீ கை வைக்காதே." அவன் என்றால் இவர், சவூதியில். நாளை ஜும்ஆ தொழுகை முடிந்து பேசுவார்.

ஜூலை 7, வெள்ளி

கொஞ்சம் தூறல்.

போன் வந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். இவர் நம்பவில்லை. "போன வாரம்கூட எங்கிட்ட நல்லாப் பேசினாளே. காது கேக்காத புள்ளையா பதில் சொல்லும்? உனக்குத்தான் மனசு சரியில்ல."

வாரா வாரம் கேட்பது அதே மூன்றுதான். சாப்டியா. ஸ்கூல் போனியா. அத்தா என்ன வாங்கிட்டு வரட்டும். சாப்டேன், போனேன், பொம்மை.

"இன்னிக்கு வேற ஏதாவது கேளுங்க" என்றேன். ஸ்பீக்கரைப் போட்டு, போனை ரிசுவின் கையில் கொடுத்தேன்.

"ரிசும்மா, கையில என்ன வெச்சிருக்கே?"

"சாப்டேன்."

கொஞ்சம் பொறுத்து, மெதுவாக: "அம்மா என்ன கலர் சேலை கட்டியிருக்கா?"

"போனேன்."

அதற்குமேல் இவர் கேட்கவில்லை. அந்தப் பக்கம் ஏ.சி. ஓடும் சத்தம் மட்டும். ரிசு வழக்கம்போலக் கொஞ்சம் இடம் விட்டாள். பிறகு, "பொம்மை" என்றாள். போனுக்கு ஒரு முத்தம் கொடுத்து என்னிடம் நீட்டிவிட்டுக் கலர் அடிக்கப் போய்விட்டாள்.

"என்னங்க" என்றேன்.

"எங்கம்மாவைக் கூப்பிடு. நான் பேசிக்கிறேன்."